எந்த ஆல்பம் முதலில்?

கேள்வி: நண்பன் கரோல் கிங்கின் ‘டேப்ஸ்ட்ரி’யைக் கேள் என்கிறான். தோழியோ ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ போதும் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இதற்கா சண்டை? இரண்டும் 1971-இல் வந்தவை. ஜேம்ஸ் டெய்லர் இரண்டிலும் கிதார் வாசித்தார். கரோலின் ஆல்பத்தில் ஜோனியே பின்குரல் பாடியிருக்கிறார். முதலில் ‘டேப்ஸ்ட்ரி’. பியானோவும் மெட்டும் உடனே ஒட்டிக்கொள்ளும். அட்டையில் ஜன்னலோரம் வெறுங்காலோடு கரோல், முன்னால் ஒரு பூனை. (அந்தப் பூனைக்காகவே வாங்கலாம்!) ‘ப்ளூ’வை ராத்திரியில், தனியாக, ஹெட்போனில் கேளுங்கள். மடியில் வைத்து மீட்டும் டல்சிமரும் திடீரென்று உச்சிக்கு ஏறும் குரலும் முதல் தடவை கொஞ்சம் உறுத்தும். மூன்று தடவையாவது கேட்காமல் தோழியிடம் அபிப்பிராயம் சொல்லிவிடாதீர்கள்.