பல் எடுத்தலும் புண் ஆறுதலும்

நோய்களுள் பல்வலியைச் சிறியதென்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் ஓர் இரவு முழுதும் பல்வலியால் துன்புற்ற நெசவாளர் மறுநாள் தறிக்குழியில் இறங்கி மிதி மிதிக்க இயலாது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவருக்கும் வேலையில் மனம் ஒன்றாது. கூலி போவது ஒருபுறம் இருக்க, அச்சத்தினால் நாள் கடத்திக் கன்னம் வீங்கிய பின்பு வைத்தியரை நாடுவோர் நம்மிடையே பலர். பல்லை எடுத்துக்கொண்ட அன்றே வெற்றிலை புகையிலை போட்டு, மூன்றாம் நாள் முன்னினும் கடிய வலியுடன் திரும்பிச் செல்வோரும் உளர். இவ்விரு துன்பங்களும் அறிவினால் தடுக்கத் தக்கவை. ஆகவே பல் எடுத்தலைப் பற்றியும், அதன் பின்னர்ப் புண்ணைக் காக்கும் முறையைப் பற்றியும் இப்பாடத்தில் காண்போம்.

எப்பொழுது எடுக்க வேண்டும்?

வலிக்கும் பல்லையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. சொத்தை சிறிதாயின் அடைத்துவிடலாம். சொத்தை உள்ளே நரம்பு வரை சென்றிருப்பினும், வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றக் கூடும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடிப் போனாலும், அடைக்க இயலாதவாறு பல் உடைந்து போனாலும், கடைவாய்ப் பல் முளைக்க இடமின்றிச் சாய்ந்து அடிக்கடி சீழ் பிடித்தாலும் எடுத்தலே தக்கது.

நமது சேலம், நாமக்கல் பகுதிகளில் சிலருடைய பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் காணலாம். சில ஊர்களின் ஆழ்கிணற்று நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்திருப்பது இதற்குக் காரணங்களுள் ஒன்று. பல் உருவாகும் சிறு பருவத்தில் அந்நீரைப் பருகியதால் வந்த கறை அது. கறை மட்டும் இருப்பதற்காகப் பல்லை எடுக்க வேண்டுவதில்லை.

மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண்பார்வை கெடும் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. பல்லின் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு வேறு. பார்வையைக் கொண்டு செல்லும் நரம்பு வேறு. பல் எடுப்பதனால் பார்வை குன்றுவதில்லை. சீழ் பிடித்த பல்லை எடுக்காமல் விடுவதனாலேயே கேடு மிகுதி. அச்சீழ் தாடையின் அடியில் இறங்கிக் கழுத்துக்குப் பரவினால் மூச்சுவழி அடைபட்டு உயிருக்கே ஆபத்து நேரிடும்.

யாரிடம் செல்வது?

சந்தையில் குறடு வைத்துப் பல் பிடுங்குவோரிடம் செல்லுதல் கூடாது. சுத்தம் செய்யாத கருவியினால் ஒருவருடைய இரத்தத்திலுள்ள மஞ்சட்காமாலைக் கிருமி மற்றொருவருக்குத் தொற்றக் கூடும். வேர் முறிந்து உள்ளே தங்கினால் அதை எடுக்கவும் அவர்களால் இயலாது. எருக்கம்பால், மூக்குப்பொடி முதலியவற்றைச் சொத்தையில் வைப்பதும் தீது. அவை ஈற்றைப் புண்ணாக்குமேயன்றி நோயை நீக்கா.

நமது நாட்டில் பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் முறைக்குச் சட்டம் 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சென்னையில் அரசினர் பல் மருத்துவக் கல்வி 1953-இல் தொடங்கியது. அக்காலத்தில் கற்ற பல் வைத்தியரைக் காண நமது பகுதியினர் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருந்தது. இன்று அந்நிலை இல்லை. சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அங்கே ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்கின்றனர்.

சொல்ல வேண்டியவை

வைத்தியர் கேட்குமுன் நாமே சொல்ல வேண்டியவை சில உண்டு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய், காமாலை, வலிப்பு ஆகியவை இருப்பின் மறைத்தல் கூடாது. முன்னர் ஏதேனும் ஊசியோ மாத்திரையோ ஒவ்வாமற் போயிருந்தால் அதனையும், காயம் பட்டால் இரத்தம் எளிதில் நில்லாது என்பதனையும் சொல்லுதல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் அதைத் தாமாகவே நிறுத்துதல் பெருந்தவறு. வைத்தியர் கூறுகிறபடியே நடக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவரும், கருவுற்ற பெண்டிரும் தவறாமல் தெரிவிக்க வேண்டும். உண்ணும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டு செல்வது நலம்.

பட்டினியாகச் செல்ல வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். ஈறு மட்டும் மரத்துப் போக ஊசி போட்டுப் பல் எடுப்பதாயின் முன்னரே உண்டு செல்வதே நன்று. நீரிழிவு உடையார்க்கு இது மிக அவசியம்.

பல் எடுக்கும் விதம்

பண்டைக் காலத்தில் பல் பிடுங்குதல் சித்திரவதையாகவே இருந்தது. 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் என்ற மருந்தால் நோயாளியை மயக்கி அறுவை செய்யக் கூடும் என்று பலர் முன்னிலையில் காட்டினார். பின்னர், உணர்வு இழக்காமலே வேண்டிய இடம் மட்டும் மரத்துப் போகும் மருந்துகள் வந்தன. இன்று பெரும்பாலும் வழங்கும் லிக்னோகெய்ன் என்பது 1943-இல் ஸ்வீடன் நாட்டில் உருவாக்கப்பட்டது. ஊசி குத்தும்போது ஒரு சுருக்கு. சில நிமிடங்களில் உதடும் ஈறும் தடித்தாற்போல் மரத்துவிடும். பின்னர் பல்லை வைத்தியர் அசைக்கும்போது அழுத்தம் தெரியுமே தவிர வலி தெரியாது. வலி தெரிந்தால் கையை உயர்த்திக் காட்டலாம். அவர் மேலும் மருந்து போடுவார்.

இரத்தக்கட்டியே புண்ணின் மருந்து

பல் இருந்த குழியில் இரத்தம் வந்து நிறைந்து உறைகின்றது. அவ்வாறு உறைந்த கட்டியை அழுக்கென்று எண்ணி வெளியேற்ற முயல்வோர் பலர். அதுவே அடியிலுள்ள எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கும் போர்வை. புதிய சதை அதன்மேலேயே வளர்கின்றது. நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். அறுந்த பாவிழையைப் பிணைத்த முடிச்சை, இறுகுமுன் இழுத்துப் பார்ப்பவர் உண்டோ? குழியில் உறைந்த இரத்தமும் அம்முடிச்சுப் போன்றதே.

இக்கட்டி கலைந்துவிட்டால் எலும்பு வெறுமையாகிறது. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் காதுவரை பரவும் கடுவலி தோன்றும். வாயில் நாற்றமும் வீசும். புகைப்போருக்கும், கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்தவருக்கும் இது மிகுதியாக நேருகிறது. இவ்வாறு நேர்ந்தால் வைத்தியரிடம் திரும்பச் செல்ல வேண்டும்; அவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி தணியும்.

முதல் நாள்: வைத்தியர் வைத்த பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிட வேண்டும். வாய் கொப்பளித்தலும், குழாயிட்டு உறிஞ்சுதலும், நாவினால் குழியைத் துழாவுதலும் கூடா. எச்சிலில் சிறிது சிவப்புத் தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. மரப்பு நீங்கும் வரை உணவு உண்ணலாகாது. உதட்டையோ நாவையோ அறியாமல் கடித்துவிட நேரும். பின்னர் ஆறிய கஞ்சி, மோர் கலந்த குழைந்த சோறு, நமது பகுதியில் விளையும் மரவள்ளியிலிருந்து ஆகும் ஜவ்வரிசிக் கஞ்சி ஆகியவற்றை மறுபக்கத்தால் உண்ணலாம். சூடானதும் காரமானதும் ஆகா. கன்னத்தின் வெளிப்புறம் குளிர்ந்த துணி வைத்தால் வீக்கம் குறையும். குனிந்து சுமை தூக்குதலும் நீர் இறைத்தலும் அன்று வேண்டா. இரவில் தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வேண்டும்.

மறுநாள் முதல்: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மெல்லக் கொப்பளிக்க வேண்டும். மற்றப் பற்களை வழக்கம் போல் துலக்கலாம். வீக்கம் இரண்டு மூன்று நாட்கள் மிகுந்து பின்னர்த் தணியும். எளிதாக எடுத்த பல்லாயின் மறுநாள் தறியில் அமரத் தடையில்லை. கொடுத்த மாத்திரைகளை, வலி நின்றது என்று பாதியில் நிறுத்தாமல், சொன்னபடி உண்டு முடிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் ஈறு பெரும்பாலும் மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும்.

வெற்றிலையும் பீடியும்: பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களில் நாமே விளைப்பது வெற்றிலை. தறியில் அமர்ந்தவருக்கு அது பழகிய துணை. ஆயினும் புண் ஆறும் வரை வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் வேண்டா. பீடிப்புகை புண்ணுக்கு வரும் இரத்தத்தைக் குறைத்து ஆறுதலைத் தடுக்கும். புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுக்கும் காரணமாவன. புண்ணுக்காக நிறுத்திய பழக்கத்தைப் பின்னர் மீண்டும் தொடங்காதிருப்பாராயின், ஒரு பல்லை இழந்தவர் பல மடங்கு ஆதாயம் பெற்றவராவார்.

உடனே திரும்பச் செல்ல வேண்டிய குறிகள்

பஞ்சு மாற்றி அழுத்தியும் இரத்தம் நில்லாமை, காய்ச்சல், நாளுக்கு நாள் வளரும் வீக்கம், வாய் திறக்க இயலாமை ஆகியவை தோன்றினால் வைத்தியரிடம் உடனே செல்ல வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ தடை ஏற்பட்டால் இரவென்றும் பாராது பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் ஆகியும் ஆறாத புண்ணை அவசியம் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இழந்த பல்லின் இடத்தை வெறுமையாக விட்டால் பக்கத்துப் பற்கள் அதை நோக்கிச் சாயும். புண் ஆறிய பின் செயற்கைப் பல் வைப்பது பற்றிக் கேட்டறிவது நன்று.

சங்கங்கள் செய்யத் தக்கது

தனி ஒருவர் அஞ்சித் தயங்குமிடத்தில் பலர் கூடிச் சென்றால் அச்சம் அகலும். கூட்டுறவின் பொருளும் அதுவே. அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியை வேண்டி, ஆண்டுக்கொரு முறை சங்கக் கட்டடத்திலேயே பல் பரிசோதனை நடத்த நிர்வாகக் குழுவினர் முயலலாம். சொத்தை சிறிதாக இருக்கும்போதே கண்டுகொண்டால், எடுக்க வேண்டிய பற்கள் தாமே குறையும்.

மாதக் கூட்டத்தில் ஆராய்வதற்கான வினாக்கள்

1. பல் எடுத்த குழியில் உறையும் இரத்தத்தை ஏன் அகற்றலாகாது?
2. வைத்தியரிடம் நாமே முன்வந்து தெரிவிக்க வேண்டியவை யாவை?
3. முதல் நாளில் செய்யலாகாதவை எவை? மறுநாள் முதல் செய்ய வேண்டியவை எவை?
4. நமது சங்கத்தில் பல் பரிசோதனை நடத்த எந்த மாதம் ஏற்றது?