ஓட்டை இருந்தும் வேர்ப்பது ஏன்?

கேள்வி: எங்களுக்குத் தொப்பம்பட்டி. பள்ளியில் படிக்கும்போதே குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். டேபிள் மேட், வாசல் தோரணம், டிவி கவர் என்று நிறையப் போட்டிருக்கிறேன். இந்தக் கோடைக்கு எனக்கே ஒரு லேஸ் டாப் பின்னலாம் என்று பழனியில் கம்பளி நூல் வாங்கி, பெரிய பெரிய ஓட்டை விழும் டிசைனாகப் பார்த்துப் பின்னினேன். போட்டுக்கொண்டு அரை மணி நேரம் இருக்க முடியவில்லை, முதுகெல்லாம் கசகசவென்று வேர்க்கிறது. போதாக்குறைக்கு, துவைத்துக் கொடியில் போட்டதும் இடுப்பளவு இருந்தது தொடைக்கு இறங்கிவிட்டது. என் நாத்தனார் மில் வேலைக்குப் போகிறவர். பருத்திக் கோன் நூல் கடையில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது, அதில் போட்டுப் பார் என்கிறார். போடலாமா? எவ்வளவு நூல் ஆகும்? நன்றாக வந்தால் பின்னி விற்கவும் ஆசை. என்ன விலை சொல்லலாம்?
— ஒரு வாசகி, தொப்பம்பட்டி

பதில்: நீங்கள் வாங்கியது பெரும்பாலும் கம்பளியாக இருக்காது. நம் ஊர்க் கடைகளில் உல்லன், கம்பளி என்று சொல்லித் தருவதில் முக்கால்வாசி அக்ரிலிக். அது பெட்ரோலியத்திலிருந்து வரும் இழை. காய்ந்த பருத்தி 100 கிராம் எடுத்துச் சாதாரணக் காற்றில் வைத்தால் எட்டு, எட்டரை கிராம் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். அக்ரிலிக் இழுப்பது ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஓட்டை வழியாகக் காற்று வருவது உண்மை. ஆனால் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் நூல் இருக்கிறதே, அதுதான் உடம்பில் ஒட்டிக்கொண்டு வேர்வையைக் குடிக்காமல் நிற்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் எடை. பின்னிய டாப்பை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். கால் கிலோவை ஒட்டி வரும் என்று நினைக்கிறேன். திருப்பூரில் பனியன் துணியை ஜிஎஸ்எம் கணக்கில்தான் பேசுவார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. கோடைக்குப் போடும் டி-ஷர்ட் 140 முதல் 180 வரை இருக்கும். தடித்த அக்ரிலிக்கில் போட்ட வலைப்பின்னல் சுலபமாக 400-ஐத் தொட்டுவிடும். பார்வைக்கு வலை, உடம்புக்கு ஸ்வெட்டர். குரோஷாவில் ஒவ்வொரு தையலும் நூலைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப்போல் உட்காருவதால், அதே நூலில் போட்ட நிட்டிங்கைவிட அதிகமாகவே நூல் குடிக்கும். ஆகவே கோடை டாப்புக்கு டிசைன் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் தராசைத் தேடுங்கள்.

எப்படி என்று சொல்கிறேன். நினைத்திருக்கும் நூலில், நினைத்திருக்கும் டிசைனில், 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் ஒரு மாதிரிச் சதுரம் பின்னுங்கள். மளிகைக் கடைத் தராசு இதற்கு உதவாது. நகைக்கடையிலோ அடகுக் கடையிலோ முகம் தெரிந்தவர் இருந்தால் அங்கே நிறுத்துப் பாருங்கள், சிரித்தாலும் நிறுத்துத் தருவார்கள். அந்தச் சதுரம் 2 கிராம் என்றால் உங்கள் துணி 200 ஜிஎஸ்எம். இரண்டரைவரை போகலாம். அதைத் தாண்டினால் நூலை மெலிதாக்குங்கள், இல்லையென்றால் ஊசியைப் பெரிதாக்குங்கள்.

மார்புச் சுற்று 88 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோடைக்குத் தளர்வு 8 சேர்த்து 96, ஆக முன்பக்கம் 48, பின்பக்கம் 48. உயரம் 55. குட்டைக் கையும் சேர்த்தால் ஏறத்தாழ 59 சதுரங்கள் வரும். இரண்டு கிராம் வீதம் 118 கிராம், இரண்டரை வீதம் 148 கிராம். ஓரம், தோள்பட்டை, பிரித்துப் போடுவது எல்லாம் சேர்த்து 200 கிராம் வாங்கினால் கவலை இல்லை. சாய நூலாக இருந்தால் மொத்தத்தையும் ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டால் அதே நீலம் கிடைக்காது.

நூல் என்றால் பருத்தி லேஸ் நூல், 10-ஆம் நம்பர் அல்லது 20-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். உருண்டையில் வரும் இந்த நூல்கள் பெரும்பாலும் மெர்சரைஸ் செய்தவை. பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து எடுக்கும் முறை அது, ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது. நூலுக்குப் பளபளப்பும் பலமும் கூடும். நீங்கள் தோரணத்துக்கு வாங்கியதும் இதே வகை நூலாகத்தான் இருக்கும். ஆனால் தோரணத்துக்குப் பிடித்த ஊசியை இதற்குப் பிடிக்காதீர்கள்.

இங்கேதான் நம் பெண்களின் கை பழகிய பழக்கம் குறுக்கே வரும். தென்னிந்தியாவில் இந்த லேஸ் வேலை பரவியது 19-ஆம் நூற்றாண்டு மிஷன் பள்ளிகள் வழியாக. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட், இடையன்குடியில் அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலிசா என்று தாயும் மகளும் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். அது ஊசியால் போடுவதல்ல, திண்டில் குண்டூசி குத்தி மரக் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுவது. கொக்கி ஊசியில் பெயர் வாங்கியது ஆந்திராவின் நரசாப்பூர். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்த அதே புவிசார் குறியீடு நரசாப்பூர் லேஸுக்கு 2024-ல் கிடைத்தது. இந்த ஊர்களில் செய்தவற்றில் பெரும்பகுதி மேசை விரிப்பு, தட்டு விரிப்பு, துணியோரப் பட்டை என்று கப்பலேறியவை. மேசை விரிப்பு விறைப்பாக நிற்க வேண்டும், அதனால் சன்ன ஊசியில் இறுக்கிப் போட்டுக் கஞ்சியும் போடுவார்கள். அந்தக் கைதான் பள்ளிக்கூடத் தையல் வகுப்புவரை வந்து உங்களிடமும் இருக்கிறது.

10-ஆம் நம்பர் நூலுக்கு நீங்கள் இதுவரை ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர் ஊசி எடுத்திருப்பீர்கள். டாப்புக்கு 2 மில்லிமீட்டர் எடுங்கள், இறுக்கமான கை என்றால் இரண்டரையே எடுங்கள். பின்னிய சதுரத்தை விரல் நுனியில் தொங்கவிட்டால் துவண்டு விழ வேண்டும். அட்டைபோல் நின்றால் ஊசி இன்னும் பெரிதாக வேண்டும் என்று அர்த்தம். முதல் சங்கிலி வரிசைக்கு மட்டும் இன்னும் ஒரு அளவு பெரிய ஊசி பிடியுங்கள். இல்லாவிட்டால் அடிப்பகுதி சுருக்குப்பை வாய்போல் இழுத்துக்கொள்ளும்.

இனி நாத்தனார் சொன்ன கோன் நூல். போடலாம். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கமெல்லாம் நூற்பாலைகளை வைத்துக்கொண்டு நூலுக்கு அலைவானேன்? ஆனால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. நூல் நுனியை விரலால் எதிர்ப்பக்கம் திருகிப் பாருங்கள். இரண்டு இழையாகப் பிரிந்தால் டபுள் நூல், அதை வாங்குங்கள். பிரியாமல் பஞ்சாகக் கழன்றால் ஒற்றை நூல், அது வேண்டாம். ஒற்றை நூலின் முறுக்கு ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். மலிவான பனியன் துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருகிறதல்லவா, அதற்கு முக்கியமான காரணம் இந்த முறுக்குத்தான். உங்கள் டாப்பும் அப்படியே கோணிக்கொள்ளும்.

மில் நம்பரும் உருண்டை நூல் நம்பரும் வேறு வேறு. மில் கணக்கில், ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டங்கள் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் கவுண்ட். 2/20 என்றால் 20-ஆம் கவுண்ட் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது, ஒரு கிராமுக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். அதில் மூன்று புரி சேர்த்துப் பிடித்தால் கிராமுக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேலே வரும், கடையில் விற்கும் 10-ஆம் நம்பர் லேஸ் நூலின் பருமன் அதுதான். இரண்டு புரி பிடித்தால் 20-ஆம் நம்பருக்குக் கிட்டே வரும். மூன்று கோனையும் தரையில் வைத்து மூன்று நுனியையும் ஒரே இழுப்பில் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். தக்கிளி இருந்தால், டபுள் நூலின் முறுக்குக்கு எதிர்த் திசையில் லேசாக ஒரு முறுக்குக் கொடுங்கள், ஊசி நடுவில் புகுந்து இழையைப் பிரிக்காது.

மில்லிலிருந்து வருவது கோரா நூல் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பருத்திக்கு இயற்கையிலேயே மேலே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. பனியனுக்குப் போகும் நூலுக்குக் கோனில் சுற்றும்போதே பாரஃபின் மெழுகும் தடவுவார்கள். ஒரு சதுரம் பின்னி அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் விட்டதுபோல் உருண்டு நிற்கும். அந்த மெழுகு இருக்கும்வரை பருத்தியும் வேர்வையைக் குடிக்காது, அக்ரிலிக்குக்கு அண்ணன்தான். ஆகவே பின்னுவதற்கு முன்பே நூலைத் தளர்வான சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் நூலாலேயே கட்டி, வாஷிங் சோடாவும் சோப்புத் தூளும் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறும், பயப்பட வேண்டாம். அலசி நிழலில் உலர்த்தி மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள், விட்டதும் உள்ளே இழுத்தால் சரி. சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே சுருங்கிவிடும் என்பது கூடுதல் லாபம்.

டாப் தொடைக்கு இறங்கிய விவகாரத்துக்கு வருவோம். பருத்தியும் தொங்கும். மாதிரிச் சதுரத்தை நனைத்து, மேல் ஓரத்தில் இரண்டு கிளிப், கீழ் ஓரத்தில் இரண்டு கிளிப் மாட்டி ஒரு இரவு கொடியில் தொங்கவிடுங்கள். காலையில் 10 சென்டிமீட்டர் 11 ஆகியிருந்தால், 55 உயரம் வேண்டிய டாப்பை 50-லேயே நிறுத்துங்கள், மீதியை அதுவே இறங்கித் தரும். தோள்பட்டையில் உள்பக்கமாக ஒரு பருத்தி நாடா வைத்துக் கையால் தைத்துவிடுங்கள், மொத்த எடையையும் தாங்குவது அந்த இடம்தான். கழுத்தைச் சுற்றி சிறிய ஊசியில் இரண்டு வரி நெருக்கமாகப் போடுங்கள். முடிந்ததைக் கொடியில் போடாதீர்கள். துண்டில் சுருட்டிப் பிழிந்து, கயிற்றுக் கட்டிலில் துணி விரித்து, அளவுக்கு இழுத்துப் படுக்கப் போடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கட்டி சோப்பு வேண்டாம். ஓட்டைகளில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

டிசைனுக்கு நான் ரொம்ப யோசிக்கமாட்டேன். முதல் டாப்புக்கு இரண்டு நேர்ப் பலகைகள், தோளில் சேர்த்து, பக்கத்தில் சேர்த்து, கை நுழையும் இடத்தை விட்டுவிட்டால் முடிந்தது. உடம்புக்கு ஒரு உயரத் தையல், இரண்டு சங்கிலி என்று வலை. மார்புக்குக் குறுக்கே மட்டும் விசிறி வரிசை நெருக்கமாக. அன்னாசி டிசைன் அழகுதான், ஆனால் நடுவில் நூல் குவிந்து எடை ஏறும். யூடியூபைப் பார்த்துப் போடுகிறவர் என்றால் ஒரு எச்சரிக்கை: அமெரிக்கர்கள் சொல்லும் டபுள் குரோஷே பிரிட்டிஷ் புத்தகத்தில் ட்ரெபிள். எந்த ஊர்க் கணக்கு என்று பார்க்காமல் ஆரம்பித்தால் உயரமே மாறிவிடும்.

உள்ளே போடும் ஸ்லிப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் லைனிங் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். நைந்து மெத்தென்றாகிவிட்ட சின்னாளப்பட்டிப் பருத்திச் சேலை வெளிர் நிறத்தில் ஒன்று பீரோவில் இருந்தால், அதைவிட நல்ல ஸ்லிப் துணி கடையில் கிடைக்காது.

கடைசியாக விலை. மாதிரிச் சதுரம் பின்னும்போது கடிகாரத்தைப் பாருங்கள். நாற்பது நிமிடம் ஆகிறதென்றால் 59 சதுரத்துக்கு 39 மணி நேரம், சேர்ப்பதும் ஓரமும் தனி. மணிக்கு 50 ரூபாய் என்று உங்களுக்கே ஒரு கூலி போட்டால்கூட நூல் விலை இல்லாமலே 2000 ரூபாயை ஒட்டி வந்துவிடும். கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குத் தொங்கும் லேஸ் டாப் பெரும்பாலும் மெஷின் பின்னல், அதோடு விலையில் மோத முடியாது. வாங்குபவர் பேரம் பேசப் பேச நீங்கள் குறைப்பது உங்கள் கூலியைத்தான். நரசாப்பூர்ப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-ல் எழுதிய புத்தகம் முழுக்க இந்தக் கதைதான். வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது என்று பெயர் வைத்தே அவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள்.

விற்கத்தான் வேண்டும் என்றால் முழு டாப் வேண்டாம். கழுத்தும் தோளும் சேர்ந்த யோக் மட்டும் 20-ஆம் நம்பர் நூலில் பின்னுங்கள், பத்துப் பன்னிரண்டு சதுரத்தில் முடியும். கீழே நல்ல பருத்தித் துணி வைத்து ஊர் டெய்லரிடம் குர்த்தியாகத் தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை எட்டு மணி நேரத்துக்குள் அடங்கும், எடையும் குறையும், தொங்குகிற தொல்லையும் இல்லை. ஒன்று கவனம்: துணியையும் யோக்கையும் தனித்தனியாக நனைத்துக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுங்கள். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் முதல் சலவையிலேயே நெஞ்சில் சுருக்கம் விழுந்துவிடும், வாங்கியவர் மறுநாளே உங்கள் வாசலில் நிற்பார்.