சாம்பல் பூசிக்கொண்ட யானை

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பாலர் பள்ளியில் ஒரு பையன் அவளைக் 'காக்கா' என்று கூப்பிடுகிறானாம். தைரியம் வரட்டும் என்று, எல்மர் என்ற பலவண்ண யானையின் படக்கதையைத் தினமும் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். போன வாரம் முகம், கை, கால் எல்லாம் பவுடரை அப்பிக்கொண்டு வந்து, "நானும் இப்போ எல்லாரையும் மாதிரி" என்றாள். புத்தகத்தால் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா?
— ம.கி., கிள்ளான்

பதில்: அம்மா, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. மனத்தில் இருந்ததைச் சொல்ல அவளிடம் சொல் இல்லை. கதையில் மற்ற யானைகளைப் போலத் தெரியத் தன் மேல் சாம்பல் நிறம் பூசிக்கொள்ளும் அந்த யானை வழி காட்டியிருக்கிறது. ஒளிந்துகொள்ளாமல் உங்கள் முன்னால் வந்து நின்றாளே, அதுவே நல்ல அறிகுறி.

ஐந்து, ஆறு வயதில் சமூக ஒப்பீடு (தன்னை மற்றவர்களோடு வைத்துப் பார்ப்பது) வேகமாக வளரும். நிறம் அதில் முதலில் கண்ணில் படும். 1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினச் சிறுவர்களிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையைத்தான் காட்டினார்கள். அதை யாரும் அவர்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. நம் வீடுகளிலும் 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பாட்டி பாசத்தோடுதான் சொல்வார். குழந்தையின் காதில் அந்த 'இருந்தாலும்' தான் தங்கும். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எல்மரை 1968இல் உருவாக்கியவர் டேவிட் மக்கீ. அவர் மனைவி ஆங்கிலோ இந்தியர். தெருவில் ஒரு சிறுவன் அவர்களுடைய மகளின் நிறத்தைச் சொல்லி இழிவாகக் கத்தியதை மக்கீ பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். உங்கள் கவலை அவருக்கும் இருந்தது.

ஆனால் கதைக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எல்மரைக் கூட்டத்தில் யாரும் வெறுக்கவில்லை. தன் நிறத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவனே நினைத்துக்கொள்கிறான். உங்கள் மகளையோ ஒருவன் நிஜமாகவே கேலி செய்கிறான். அதைச் சிரித்துக் கடந்துவிடு என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. அது பெரியவர்களின் வேலை. நாளைக்கே ஆசிரியையைப் பார்த்து, அவன் சொன்ன அதே சொல்லைச் சொல்லுங்கள். 'சின்னப் பிள்ளைகள் விளையாட்டு' என்று அவர் சொன்னால் மறுபடியும் போங்கள்.

புத்தகத்தை ஒளித்து வைக்காதீர்கள். எல்மர் சாம்பல் நிறப் பழங்களில் புரண்டு கூட்டத்தோடு நிற்கும் பக்கத்தில் நிறுத்தி, "இதில் எல்மர் யார்?" என்று கேளுங்கள். அவள் தேடட்டும். அந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்பதை அவளே சொல்வாள். சொல்லாவிட்டாலும் நீங்கள் நீதி சொல்ல வேண்டாம். மெலனின் (தோலுக்கு நிறம் தரும் பொருள்) வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது என்று குளிப்பாட்டும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம்.

உறவினர் யாராவது வெளுப்பாக்கும் களிம்பு கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் பாதரசம் இருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. தோலைத் தேய்த்துப் புண்ணாக்குவது, பள்ளிக்குப் போக அழுவது, தூக்கம் கெடுவது இவை இரண்டு மூன்று வாரம் நீடித்தால் குழந்தை உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள்.

மனிதர்கள் நிறத்தில் மட்டும் வேறுபடுவதில்லை என்பதையும் அவள் பார்க்கட்டும். ஒரு ஞாயிறு கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு வந்து பக்கத்திலுள்ள பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நடந்து வாருங்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு வேலைக்கும் கடைக்கும் போகிறவர்களை அவள் பார்க்கட்டும். கேள்வி கேட்டால் அதட்டாமல் பதில் சொல்லுங்கள். அன்றிரவு, சென்னை தூலிகா பதிப்பகத்தின் 'கண்ணா பன்னா' படக்கதை கிடைத்தால் வாசியுங்கள். ஜை விட்டேக்கர் எழுதியது. குகைக்குப் போன இடத்தில் விளக்கு அணைந்துவிட, பார்வையற்ற கண்ணாதான் எல்லாரையும் வெளியே கூட்டி வருகிறான். அந்தப் பக்கம் வரும்போது உங்கள் வீட்டு விளக்கையும் ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, கதவுவரை உங்களைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.