எந்தக் கதைக்குக் குரல் கொடுப்பது?

அன்புள்ள நித்யா,

பதிப்புரிமை தீர்ந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் படித்துப் பதியும் லிப்ரிவாக்ஸில் நீ சேர்ந்துவிட்டாய், எச்.ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் த வோர்ல்ட்ஸ்’ நாவலைத் தனி ஆளாகப் படித்துப் பதியப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். காசு வாங்காமல், முகம் தெரியாதவர்களுக்காகப் புத்தகம் படிப்பது நல்ல காரியம். நாவலை மட்டும் மாற்றிக்கொள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அது ஏறக்குறைய 60,000 சொல். நிதானமாகப் படித்தால் மணிக்கு 9,000 சொல் ஓடும். கேட்பவருக்கு ஆறேழு மணி நேரம். உனக்கு? நாக்குப் புரண்ட இடம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் ஆடாசிட்டி மென்பொருளில் வெட்டி எடுப்பதற்குள் இரண்டு மூன்று மடங்கு நேரம் போய்விடும். அதுவும் 1898 முதல் உலகமே படித்த புத்தகம். அங்கேயே பல பேர் படித்து ஏற்றியிருக்கிறார்கள். இன்னொரு குரல் வேண்டாம் என்று யாரும் தடுக்க மாட்டார்கள், அது அவர்கள் கொள்கை. ஆனால் எடுத்த எடுப்பில் இவ்வளவு சுமந்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே மைக் அலமாரிக்குப் போய்விடும். எனக்கு உன்னைத் தெரியும்.

அங்கே ‘ஷார்ட் சயன்ஸ் ஃபிக்‌ஷன் கலெக்‌ஷன்’ என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆளுக்கொரு சிறுகதை, எதைப் படிப்பது என்பது அவரவர் விருப்பம். அதில் தொடங்கு. கதைக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. கேலக்ஸி, இஃப் மாதிரியான அறிவியல் புனைகதை இதழ்களில் 1950களில் வந்த கதைகள் பலவற்றுக்கு அந்த விண்ணப்பத்தை யாருமே போடவில்லை. அப்படி விடுபட்டவைதான் குட்டன்பர்க் இலவச மின்னூல் தளத்தில் குவிந்து கிடக்கின்றன. எழுதியவர்கள் பாவம், நமக்கு யோகம். அங்கே இருக்கிறதா என்று பார்த்து எடு. தாள் பழுப்பேறிவிட்டது, உரிமை தீர்ந்திருக்கும் என்று நீயாக முடிவு கட்டாதே.

இன்னொன்று. லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை; நீ இருப்பது மதுரையில். இங்கே ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். இ.எம். ஃபார்ஸ்டரின் ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ 1909-இல் வந்த கதை. ஆளுக்கொரு அறையில் அடைந்துகொண்டு இயந்திரம் வழியாகவே பேசிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றியது. இன்றைக்குப் படித்தால் முதுகு சில்லிடும். அமெரிக்காவில் தடையில்லை. ஆனால் ஃபார்ஸ்டர் இறந்தது 1970-இல். 2030 முடியும்வரை நீ அதில் கைவைக்காதே.

கடைசி வரிவரை படிக்காத எதற்கும் பெயர் கொடுக்காதே. ஒரு சொல்லைக்கூட மாற்ற அங்கே அனுமதி இல்லை. பிற்பாடு பக் ரோஜர்ஸ் என்று புகழ்பெற்ற நாயகன் முதலில் வந்தது ஃபிலிப் நோலனின் 1928-ஆம் ஆண்டுக் கதையில். சாகசம் ஜோராகப் போகும். ஆனால் ஆசிய மக்கள்மேல் அதில் கொட்டியிருக்கும் வெறுப்பை உன் வாயால் சொல்ல வேண்டிவரும். முடியுமா என்று யோசி. என்னால் முடியாது.

மொழிபெயர்ப்பு என்றால் எந்தப் பதிப்பு என்று பார். ஜூல் வெர்னின் பூமிக்குள் போகும் கதைக்கு 1870களில் வந்த ஓர் ஆங்கிலப் பதிப்பில் நாயகன் ஆக்ஸெலை ஹாரி ஆக்கி, பேராசிரியர் லிடன்பிராக்கை ஹார்ட்விக் ஆக்கி, இஷ்டத்துக்குச் சேர்த்தும் வைத்திருக்கிறார்கள். குட்டன்பர்க்கில் அதுவும் கிடைக்கும், 1877-இல் மாலசன் செய்த நல்ல பதிப்பும் கிடைக்கும்.

நாவல்தான் வேண்டும் என்றால், சில கதைகள் கைவந்த பிறகு, எச். பீம் பைப்பரின் ‘லிட்டில் ஃபஸி’யை எடு. 1962-இல் வந்தது; பைப்பர் 1964-இல் போய்ச் சேர்ந்தார், ஆகையால் இங்கும் சிக்கலில்லை. வேற்றுக் கிரகத்தில் தனியாக இருக்கும் கிழவர் ஜாக் ஹாலோவேயின் குளியலறையில் ரோமம் படர்ந்த ஒரு குட்டி ஜீவன் வந்து நின்று “யீக்” என்று சொல்லும். அந்த ஒரு ஓசையை ஆசையாக, பயமாக, கெஞ்சலாக என்று விதவிதமாகச் சொல்லத் தெரிந்தால்தான் அந்தப் புத்தகம் உனக்கானது. அந்த ஜீவன் மனித அறிவுள்ளதா, வெறும் விலங்கா என்று கோர்ட்டில் வழக்கே நடக்கும். முதலில் கண்ணாடி முன் நின்று “யீக்” சொல்லிப் பார்.

முதல் கதை எது என்று கேட்பாய். ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாஸ் ட்ரீம்’. வங்காளத்துப் பெண்மணி ஆங்கிலத்திலேயே எழுதியது; 1905-இல் நம் சென்னையிலிருந்து வந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைக்கிறார்கள், போரையே ஜெயிக்கிறார்கள், ஆகாய வண்டியில் பறக்கிறார்கள். ரொக்கையா இறந்தது 1932-இல், இரண்டு நாட்டிலும் தடையில்லை. அரை மணி நேரத்துக் கதை. பெரும்பாலும் இரண்டு பெண்களின் பேச்சு. ஒருத்தி வியப்பாள், ஒருத்தி அமர்த்தலாகப் பதில் சொல்வாள். ஜனானா, மர்தானா என்று வரும் இடங்களில் வெள்ளைக்காரர்கள் நாக்கு இடறும், உனக்கு இடறாது. இதை மட்டும் எத்தனை பேர் படித்திருந்தாலும் நீயும் படி.

எதற்கும் முன்னால் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு அனுப்பச் சொல்வார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, பால்காரர் மணி அடிக்கும் நேரத்தைத் தவிர்த்து, ராத்திரியில் பதிவு செய். அவர்களுக்கு அனுப்புமுன் எனக்கு அனுப்பு; கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா