நீர் விளையாட்டுப் பூங்கா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நீச்சல் குளத்துக்கு நீந்தத் தெரிந்தவர்களும் கற்றுக்கொள்ள வருபவர்களும் வருகிறார்கள். நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் குடும்பமே வருகிறது. நீந்தத் தெரியாத அம்மா, முழங்கால் உயரக் குழந்தை, கரையில் பை காக்கும் பாட்டி எல்லாரும் அதில் அடக்கம். அதனால் அங்கே பாதுகாப்பு என்பது வருபவரின் திறமையை நம்பி இருக்க முடியாது. நிர்வாகத்தின் ஏற்பாட்டில்தான் இருக்க வேண்டும். இது புரியாததால் பரவியுள்ள நம்பிக்கைகள் பல. சில வேடிக்கையாகத் தோன்றும், சில உயிரையே வாங்கும்.

"நீரில் மூழ்குபவர் கத்துவார், கையை ஆட்டுவார்."

சினிமா கற்றுக்கொடுத்த தவறு இது. நியூயார்க் கடற்கரையில் பல ஆண்டுகள் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா, உண்மையாகவே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். மூழ்குபவருக்கு மூச்சு இழுக்கவே நேரம் போதாது, கூப்பிடக் குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்திருக்கும். வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போவதும் மேலே வருவதுமாக இருக்கும். கைகள் மேலே எழாது. பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். முடி கண்ணை மறைத்தாலும் ஒதுக்க வராது. உடல் செங்குத்தாக நிற்கும், கால்கள் உதைக்காது. பார்ப்பவர்களுக்குக் குழந்தை நின்று விளையாடுவதுபோலவே தோன்றும். இந்த நிலை 20 முதல் 60 விநாடி வரைதான் நீடிக்கும். பிறகு தலை நீருக்குள் போய்விடும்.

அலைக்குளத்தில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அலை வரப்போகிறது என்று சைரன் ஒலித்ததும் கூட்டம் மொத்தமாக ஆழமான பக்கம் நகர்கிறது. ஒலிபெருக்கியில் பாட்டு, சுற்றிலும் கூச்சல். அலை இறங்கும் நேரத்தில் மட்டுமே நீருக்குள் கிடப்பவர் தெரிவார். பத்து விநாடிக்குள் தன் பகுதி முழுவதையும் கண்ணால் ஒரு முறை அலசி, ஆபத்தைக் கண்டால் அடுத்த இருபது விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது உயிர்காப்புப் பயிற்சியில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. டியூப் எடுத்துக் கொடுப்பது, வரிசையைச் சரிசெய்வது, கைபேசியில் படம் எடுக்காதே என்று விரட்டுவது எல்லாவற்றையும் அதே ஊழியர் தலையில் கட்டினால் இந்தக் கணக்கு நடக்காது. சீருடையும் விசிலும் இருக்கின்றன, குளத்தைப் பார்க்கும் கண் மட்டும் இல்லை என்றால் அங்கே உயிர்காப்பாளர் இல்லை என்றே பொருள்.

"இடுப்பளவுத் தண்ணீர்தானே, கையில் காற்றுப்பை மாட்டியிருக்கிறதே."

சில செ.மீ. ஆழ நீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கும். முகம் கவிழ்ந்தால் போதும். கையில் மாட்டும் காற்றுப்பையும் இடுப்பு டியூபும் விளையாட்டுப் பொருள்கள். அவை நழுவும், காற்றிறங்கும், குழந்தையைக் கவிழ்த்தும் விடும். உயிர்காப்பு அங்கியின் வேலையை அவை செய்வதில்லை. 2021 இல் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் சுமார் கால் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்பதுதான் அந்த வயதுக்கான காப்பு.

"தண்ணீர் குடித்தவரைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்க வேண்டும்."

ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இந்த வைத்தியம் கேடானது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கும். விலைமதிப்பற்ற நேரமும் வீணாகும். மூழ்கியவரின் இதயம் நிற்பது பிராணவாயு கிடைக்காததால். எனவே முதலில் வேண்டியது மூச்சு. சுவாசம் இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறித் தொடர வேண்டும். இதற்கிடையில் இன்னொருவர் 108 ஐ அழைக்க வேண்டும். கண் விழித்துப் பேசுகிறார் என்பதற்காக வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. இருமலும் மூச்சுத்திணறலும் பின்னால் வரலாம், மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். "ஒன்றுமில்லை, சோடா குடிக்கச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடும் ஊழியர் செய்வது பெருந்தவறு.

"குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் நீர் சுத்தம்."

நேர்மாறானது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் கண் சிவப்பும் குளோரமைன்களால் வருபவை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போது உருவாகும் பொருள்கள் அவை. அதாவது குளோரினின் பெரும்பகுதி அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கிருமியைக் கொல்லத் தனிக் குளோரின் நீரில் மீந்திருக்க வேண்டும். அது லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.எச். 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் பரிந்துரை. அப்போதும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வயிறு சரியில்லாத குழந்தையைக் குளத்தில் இறக்காமலிருப்பது பெற்றோரின் கடமை. பார்வையாளர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: கரையில் நின்று பார்த்தால் ஆழமான இடத்தின் தரையும் வடிகால் மூடியும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத நீரில், உள்ளே கிடப்பவரும் தெரியமாட்டார்.

"நைலான் உடை, உயரக் கோடு எல்லாம் காசு பிடுங்கும் தந்திரம்."

வாடகை உடைக்கு அநியாய விலை வைப்பது கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் விதியில் காரணம் இருக்கிறது. பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கும். அதன் நூலிழைகள் வடிகட்டியில் சேரும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சறுக்கில் சிக்கும். சறுக்கில் ஏறக் குழந்தைக்கு வேண்டிய உயரத்தைக் காட்டும் கோடும் அப்படியே. வளைவுகளில் உடல் எப்படிப் பாயும் என்பதைக் கணக்கிட்டு வைத்த அளவு அது. "பரவாயில்லை சார், விடுங்க" என்று கெஞ்சும் தந்தைக்கு இடம் கொடுக்கும் ஊழியர் நல்லவர் போலத் தோன்றுவார். மறுக்கும் ஊழியரே தன் வேலையைச் செய்கிறார்.

"இவ்வளவு பெரிய ரைடைச் சோதிக்காமலா திறந்திருப்பார்கள்?"

அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஷ்லிட்டர்பான் பூங்கா 2014 இல் 'ஃபெருக்ட்' என்ற சறுக்கைத் திறந்தது. உயரம் 51 மீட்டர். உலகிலேயே உயரமான நீர்ச்சறுக்கு என்று கின்னஸ் ஏற்றது. மூவர் அமரும் ரப்பர் படகு கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கி, இரண்டாவது மேட்டில் ஏறி இறங்கும். அந்த மேட்டில் படகு அந்தரத்தில் எழும்பும் என்பதால் மேலே வலையும் அதைத் தாங்க இரும்பு வளையங்களும் வைத்தார்கள். 2016 ஆகஸ்ட் 7 அன்று முன்னால் பத்து வயதுச் சிறுவனும் பின்னால் இரண்டு பெண்களுமாகச் சென்ற படகு எழும்பி வளையத்தில் மோதியது. சிறுவன் அங்கேயே இறந்தான். பெண்கள் இருவரும் காயமடைந்தனர். வடிவமைத்தவர்களுக்கு அதற்கான பொறியியல் தகுதி இல்லை என்று 2018 இல் வந்த குற்றப்பத்திரிகை சொன்னது. அந்த வழக்கு 2019 இல் தள்ளுபடியானது. சறுக்கு அதற்கு முன்பே இடிக்கப்பட்டது. கான்சாஸ் மாநிலம் 2017 இல் ஆய்வு விதிகளைக் கடுமையாக்கியது. காப்புக்கென்று வைத்த வளையமே உயிரை எடுத்தது என்பதை மறக்க முடியாது. பெரிய விளம்பரமும் நீண்ட வரிசையும் தகுதியுள்ள பொறியாளரின் ஆய்வுக்கு ஈடாகாது.

"சொந்தப் பொறுப்பில் என்று பலகை இருக்கிறது, கேட்க முடியாது."

இந்த நம்பிக்கைதான் மோசமான சேவைக்குத் துணை. டெல்லி விடுதி ஒன்றில் வாகனத்தை நிறுத்தச் சாவியை வாங்கிக்கொண்டு, கார் திருடுபோனதும் "உரிமையாளர் பொறுப்பு" என்று சீட்டைக் காட்டினார்கள். அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தன் அலட்சியத்துக்கான பொறுப்பை அப்படி ஒரு வாசகத்தால் விடுதி உதற முடியாது என்று தீர்ப்பளித்தது. லாக்கர் உடைந்தாலும் சறுக்கின் இணைப்பு காலைக் கிழித்தாலும் பலகையைக் காட்டும் பூங்காவிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

"டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காது" என்பதும் அப்படித்தான். பாதி ரைடுகளை மூடிவிட்டு முழுக் கட்டணம் வாங்குவது சேவைக் குறைபாடு. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை, ரசீதில் காலம் குறிக்காதபோது 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதையும், ரசீதே தராததையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. வெளி உணவைத் தடுப்பது வேறு விஷயம். திரையரங்குகளுக்கு அந்த உரிமை உண்டு என்று 2023 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒரே தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே ஒரு விலை, உள்ளே ஒரு விலை என்று அச்சிட்டு விற்க 2018 முதல் தடை இருக்கிறது.

சம்பவம் நடந்த அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, டிக்கெட்டையும் புகைப்படத்தையும் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பூங்கா எந்த ஊரில் இருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதற்குக் காலம், சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.