சுருண்ட சோளத் தோகை சொல்வது என்ன?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் சோளம் பயிரிடும் உழவர்கள், உச்சி வெயிலில் தோகைகள் குழல் போலச் சுருண்டு நிற்பதைக் கண்டிருப்பார்கள். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்போரும் உண்டு. வறட்சியில் காணும் இச்சுருளல் நோயன்று. உள்ள நீரைப் பயிர் காத்துக்கொள்ளும் முறையாகும்.

வேர் உறிஞ்சும் நீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இலை வழியே ஆவியாகிவிடுகிறது. தோகையின் இரு பக்கங்களிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. கரியமில வாயு உள்ளே செல்வதும் நீராவி வெளியேறுவதும் இவற்றின் வழியேதான். துளைக்கு இரண்டாக, காப்பு உயிரணுக்கள் கதவு போல அமைந்துள்ளன. இவை நீரால் விம்மினால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். மண் காயத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் பயிரில் பெருகி இவற்றைத் தளரச் செய்கிறது.

அடுத்தது சுருளுதல். தோகையின் மேற்பரப்பில் மெல்லிய சுவருடைய பெரிய உயிரணுக்கள் வரிசையாக உள்ளன. நீர் குறைந்தால் இவை சுருங்கும். தோகை மேல்நோக்கி மடியும். வெயில் படும் பரப்பு குறைவதோடு, குழலுக்குள் ஈரக்காற்றும் தங்குகிறது. சோளத் தட்டையைத் தேய்த்தால் விரலில் ஒட்டுகிறதே வெண்ணிற மெழுகு, அதுவும் நீரிழப்பைத் தடுப்பதே.

ஆனால் கதவை மூடினால் கரியமில வாயுவும் வராது, வளர்ச்சி நிற்கும். துளை சிறிதே திறந்திருந்தாலும் அவ்வாயுவைத் திறம்படச் சேர்க்கும் ஆற்றல் சோளம், கம்பு, கேழ்வரகுக்கு உண்டு, நெல்லுக்கு இல்லை. இளம்பருவத்தில் சில நாள் காத்திருந்து, மழை பெய்ததும் சோளம் தழைத்துவிடும். கதிர் உருவாகிப் பூக்கும் தருணத்தில் இவ்வாறு காத்திருக்க நேர்ந்தால் மணிகள் குறையும்.

ஆகவே தோகையை விடியற்காலையில் பார்க்க வேண்டும். மதியம் சுருண்டு மாலையில் விரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விடியலிலும் சுருண்டிருந்தால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் நீர் பாய்ச்சுங்கள். நீர் கிடைக்காவிடில், லிட்டருக்கு 30 கிராம் கயோலினை உப்பில்லாத நீரில் கலந்து தெளித்தால் அது வெயிலை எதிரொளித்துத் தோகையின் சூட்டைக் குறைக்கும்.

மண் ஈரமாக இருந்தும் தோகை சுருண்டிருந்தால்? பாலாற்றுப் பகுதியில் முதலில் உப்பைத்தான் ஐயுற வேண்டும். தோல் கெடாதிருக்க இடும் உப்பு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரோடு பல்லாண்டுகளாக நிலத்தடி நீரில் கலந்துள்ளது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க வழிசெய்தது. மண்ணில் இறங்கிய உப்போ தீர்ப்பால் வெளியேறுவதில்லை.

உப்பு மிகுந்தால் மண்ணில் நீர் இருந்தும் வேரால் இழுக்க இயலாது. பயிருக்கு அதுவும் வறட்சியே. வாடுகிறதே என்று அதே கிணற்று நீரை மேலும் பாய்ச்சினால் உப்புதான் கூடும். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்தும் திறனை அறிந்துகொள்ள வேண்டும். மண்ணின் நிறைவுச் சாற்றில் மக்காச்சோளம் 1.7, நெல் 3.0, சோளம் 6.8 டெசிசைமன் வரை விளைச்சல் குன்றாமல் தாங்கும். உவர் நிலத்தில் மக்காச்சோளத்தை நாடுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். உங்கள் அறிக்கையிலுள்ள எண் நிறைவுச் சாற்றில் எடுத்ததா, ஒரு பங்கு மண்ணுக்கு இரு பங்கு நீர் சேர்த்து எடுத்ததா என்று கேட்டறியுங்கள். பின்னது குறைவாகவே காட்டும்.

வடிகால் வசதியுள்ள நிலத்தில் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். ஜிப்சம் உதவுவது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கே. வெறும் உவர் மண்ணில் இட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஐயமிருப்பின் விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

பயிர்தான் வாடிவிட்டது, மாட்டுக்காவது ஆகட்டும் என்று இளஞ்சோளத்தை அறுத்துப் போடாதீர்கள். வாடிய இளம்பயிரிலும், மழைக்குப் பின் வரும் துளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நச்சு மிகுந்திருக்கும். மாடு சில நிமிடங்களில்கூட இறக்கலாம். பூத்த பின்னரே சோளத்தைத் தீவனமாகக் கொடுக்க வேண்டும்.