மூக்கில் மிளகு, சுவரோரம் உறி

கேள்வி: பண்டைய எகிப்தில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள்? நம் ஆட்கள் அங்கே போனதுண்டா?
– ஒரு வாசகர், குச்சனூர்

பதில்: பிரமிடையும் மம்மியையும் கேட்காமல் சாதாரண ஜனங்களைக் கேட்டீர்களே, சந்தோஷம். அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளிகள் டேர் எல் மதீனா என்ற ஊரில் குடியிருந்தார்கள். சம்பளம் தானியம்தான்: ரொட்டிக்குக் கோதுமை, பீருக்கு பார்லி. வாரத்துக்குப் பத்து நாள். உங்கள் ஊரில் ஆடிச் சனிக்கிழமை கூடும் கூட்டம் அங்கே கூட வழியில்லை, சனிக்கிழமையே கிடையாது! இரண்டாம் ராம்செஸ் காலத்து வருகைப் பதிவு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. லீவுக்குக் காரணம் பாருங்கள்: தேள் கொட்டியது, பீர் காய்ச்சினான், தாயாரின் சடலத்துக்குத் துணி சுற்றினான். மூன்றாம் ராம்செஸ் காலத்தில் கூலித் தானியம் தாமதமானதும் வேலைநிறுத்தமே செய்துவிட்டார்கள்.

இனி நம் ஆட்கள். அந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியில், மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது. கி.மு. 1213-ல் இறந்தவர். ஆனால் மிளகு போனதால் நாமும் போனோம் என்று சொல்லிவிட முடியாது, கைமாறிப் போயிருக்கலாம். ஆள் போனதற்குச் சாட்சி, ரோமானியர் காலத்தைச் சேர்ந்த செங்கடல் துறைமுகங்களில் கிடைக்கிறது. பெரனிகே கோயில் வளாகத்தில், இந்தியப் பானை ஒன்றில் ஏழரை கிலோ மிளகு இருந்தது. குசைர் அல் காதிமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. இரண்டில் கணன், சாதன் என்ற பெயர்கள்; இன்னொன்றில் ‘பானை ஒறி’, அதாவது உறியில் தொங்கும் பானை. இந்தப் பானைக்காரர்கள் ஊர் பெருமைக்குக் கல்வெட்டு வெட்டியவர்கள் அல்லர், சாமான் கட்டித் தொங்கவிட்டுப் பிழைப்பைப் பார்த்தவர்கள். எனக்கு இதுதான் பெரிய சாட்சி.

அதே எழுத்தை அருகிலேயே பார்க்க நினைத்தால், 2006-ல் நடுகற்கள் கிடைத்த புலிமான்கோம்பை உங்கள் தேனி மாவட்டத்து ஊர்தான்.